நூற்றிருபத்தேழு பெரிசா, நூற்றிருபத்தெட்டு பெரிசா

ஆயிரம் லேபிள் அடித்து வைத்திருந்தேன். ஒட்டுவதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு சர்க்யூட்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. விருதுநகரில் வீட்டு முன்னறையை மறித்து டி.வி., ஸ்டெபிலைசர், மிக்ஸி என்று கைக்குக் கிடைத்ததை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். டிப்ளமோக்காரன். எலக்ட்ரானிக்ஸில் நான் பெரிய ஆள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஊருக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை. அந்த நேரத்தில் சிவகாசியில் ஒரு பிரஸ் முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

தினசரி காலண்டருக்குத் தேதித் தாள் அடிக்கிற ரீல் மெஷின் அவரிடம் ஒன்று இருந்தது. ரீலிலிருந்து பேப்பர் உருவிக்கொண்டு ஓடும்போது பின்னாலிருந்து அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடி குறைந்தால் பேப்பர் தொங்கி அச்சு இரட்டையாக விழும். கூடினால் பேப்பர் அறும். ரீல் முழுசாக இருக்கும்போது நன்றாகப் பிடிக்கணும், சிறுக்கச் சிறுக்க விட்டுக்கொடுக்கணும். அதுவரை இந்த வேலையை ஒரு தோல் பெல்ட்டும் அதில் தொங்கிய எடைக்கல்லும், பக்கத்தில் நின்ற மெஷின்மேனுடைய கையும் செய்துவந்தன. முதலாளி எங்கோ ஏலத்தில் ஒரு மின்சார பிரேக் வாங்கிவிட்டார். அதன் காயிலில் எவ்வளவு கரண்ட் விடுகிறோமோ அவ்வளவு பிடி. அந்தக் கரண்டை விட ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்குத்தான் நான்.

பெட்டியின் கதை சுலபமானது. ரீலின் மேல் ஒரு இரும்புக் கை படிந்து உட்கார்ந்து, பேப்பர் எவ்வளவு பாக்கி என்று சொல்லும். உள்ளே இருக்கிற சிப் அதைப் பார்த்து, பிடி இவ்வளவு வேண்டும் என்று ஒரு எண் சொல்லும். சைபரிலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்துக்குள். ஆனால் பிரேக்குக்கு எண் தெரியாது, வோல்ட்தான் தெரியும். எண்ணை வோல்ட்டாக மாற்ற நடுவில் ஒரு ஏணி கட்ட வேண்டும். சிப்பின் எட்டுக் கால்களிலிருந்து எட்டு ரெசிஸ்டர். ஒவ்வொன்றும் அடுத்ததில் பாதி எடை. எட்டில் பெரியவர் தனியாக நின்றால் நூற்றிருபத்தெட்டு. மற்ற ஏழு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றால் நூற்றிருபத்தேழு. ஒரே ஒரு படி வித்தியாசம். அந்த ஒரு படியில்தான் இந்த வேலையின் மானமே இருக்கிறது.

ஏணி முழுவதும் உள்ளே அடங்கிய ரெடிமேட் சிப் மதுரையில் கிடைத்தது. வாங்கியிருக்கலாம். ஆனால் அதில் என் மூளை எங்கே தெரியும்? நானே கட்டினேன். அதிலும் பெரிய மதிப்பு ரெசிஸ்டராகப் பார்த்து, ஒரு லட்சம் ஓம், இரண்டு லட்சம் ஓம் என்று போட்டேன். சிப்புக்குப் பாரம் குறையும் என்று கணக்கு. அப்படிப் போட்டால் ஏணிக்குப் பக்கத்தில் ஒரு ஈரத் தூசி போனால்கூடச் சண்டைக்கு வரும் என்று பாடப் புத்தகத்தில் இருந்திருக்கும். அந்தப் பக்கம் நான் லீவு.

இப்போது லேபிள். சிவகாசியில் ஒருவர் பட்டாசு டப்பாவில் மயில் போட்டால், மறுவாரம் இன்னொருவர் அதே மயிலுக்கு ஒரு இறகு கூட்டிப் போட்டுவிடுவார். இப்படிப்பட்ட ஊரில் என் ஏணியைச் சும்மா விடுவார்களா? யாராவது பெட்டியைத் திறந்து, போர்டின் அடியில் சால்டர் வைத்த கோடுகளைப் பார்த்து வரைந்து எடுத்தால் முடிந்தது. ஆகவே அதே பிரஸ்ஸில், வேறொருவர் வேலையின் ஓரத்தில் மிஞ்சிய இடத்தில், நான்கு கலரில் லேபிள் அடித்துக்கொண்டேன். ஒரு மின்னல், இல்லாத என் கம்பெனியின் பெயர், கீழே ‘பிரித்தால் கேரண்டி கிடையாது’. ஆயிரத்துக்குக் குறைந்து அடிக்க மாட்டோம் என்றார்கள். பைண்டிங் பக்கம் காய்ச்சி வைத்திருந்த மைதாப் பசையில் விரலை விட்டு, போர்டின் அடியில் ஏணி தெரியாதபடி ஒன்று ஒட்டினேன். லேபிள் கொஞ்சம் சின்னது. ஏழு படிகள் மறைந்தன, பெரியவர் மட்டும் வெளியே நின்றார். பரவாயில்லை, ஒரு படியை வைத்து எவன் என்ன செய்துவிடுவான் என்று விட்டுவிட்டேன். பெட்டிக் கதவு இடுக்கில் சீல் மாதிரி இன்னொன்று.

ஐப்பசி வரைக்கும் பெட்டி தங்கம்.

மழை பிடித்ததும் பேப்பர் அற ஆரம்பித்தது. அதுவும் காலை ஷிஃப்டில் மட்டும்.

காலை மெஷின்மேனை இங்கே சொல்லிவிட வேண்டும். என் வயதுதான் இருக்கும். முன்னால் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ரூமில் இருந்தவர். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தீப்பட்ட தோல் நிறம் மாறி வழவழவென்று இருக்கும். அதற்கப்புறம் மருந்துப் பக்கமே போவதில்லை என்று பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்து, பிரஸ்ஸில் சேர்ந்து மெஷின்மேனாக வந்தவர். அந்த அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிரஸ் வேலை போனால் அவருக்கு மறுபடி பட்டாசுக் கம்பெனி வேன் ஏறுவதைத் தவிர வேறு வழி கிடையாது. இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

என் பெட்டியை மாட்டிய அன்றே அவர் கேட்டார்: “இது எங் கையவிட நல்லாப் பிடிக்குமா சார்?”

“உங்க கைக்கு இருநூத்தம்பது படி தெரியுமாண்ணே?”

“எனக்கு ரெண்டு படிதான் தெரியும். அறும், அறாது.”

அன்றைக்கே என் மனதில் அவர் பெயர் குற்றவாளிகள் பக்கத்தில் ஏறிவிட்டது.

நான் விருதுநகரில் காலை வேலையை முடித்துவிட்டு பஸ் பிடித்து சிவகாசி போய்ச் சேர மதியம் ஒரு மணி ஆகும். அப்போது மெஷின் அருமையாக ஓடும். அவரேதான் ஓட்டிக்கொண்டிருப்பார். பெட்டியைத் திறந்து, போர்டைக் கழற்றாமல் மேலாப்பில் மீட்டர் வைத்துப் பார்ப்பேன்; மூடும்போது கதவில் புது லேபிள் ஒன்று ஒட்டுவேன். எல்லாம் சரியாக இருக்கும். மூன்று மணிக்கு அடுத்த ஷிஃப்ட்காரர் வருவார். இரவு வரை ஒரு தடவைகூட அறாது. காலையில் மட்டும், அதுவும் ரீல் பாதியாகும்போது, சொல்லிவைத்த மாதிரி அறும்.

நான் இல்லாதபோது அறுகிறது. நான் வந்தால் அறுவதில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? என் மூளைக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

“அறுறதுக்கு மின்ன பேப்பர் லேசாத் தொங்குது சார்,” என்றார் அவர். “பெறகு திடீர்னு வெடுக்குன்னு இழுக்கு. அம்புட்டுத்தான், அறுந்துருது. உங்க பெட்டி பாதி ரீல்ல எதையோ மாத்தி எண்ணுது.”

அதற்கு மேல் துல்லியமாக எந்த இஞ்சினியரும் சொல்ல முடியாது. நான் காதில் வாங்கவில்லை. முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, “எண்ணுறதுல தப்பு வராது. கையி வேலை போயிருமோன்னு யாராவது பெட்டியத் தொட்டா நான் என்ன பண்ண முடியும்?” என்றேன். யாராவது என்றுதான் சொன்னேன். சொல்லும்போது மெஷின் பக்கம் பார்த்தேன். முதலாளியும் பார்த்தார்.

துப்புத் துலக்குவதில் இறங்கினேன். பெட்டிக் கைப்பிடியில் முகப் பவுடர் தூவிவிட்டுப் போனேன், விரல் பதியட்டும் என்று. மறுநாள் மதியம் உள்ளே நுழைந்ததும் மெஷின்மேன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “சார், பெட்டிக்கு யாரோ பவுடர் போட்டுவிட்டிருக்காக. பொட்டும் வச்சிட்டா பொண்ணு பாக்க வரச் சொல்லிரலாம்.” பைண்டிங் பெண்கள் அரை மணி நேரம் சிரித்தார்கள். பவுடரில் ஒரே ஒரு ரேகை தெளிவாக விழுந்திருந்தது. ஒத்துப் பார்த்தேன், என்னுடையது.

ஆனால் அடுத்த வாரம் வசமாகச் சிக்கியது. பெட்டிக் கதவில் ஒட்டிய சீல் லேபிள், மின்னலுக்கு நடுவே நேராகக் கிழிந்து, பசை தடவி மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. மின்னலின் கீழ்ப் பாதி அரை நூல் நகர்ந்து நின்றது. கிழிந்த லேபிளோடு முதலாளி அறைக்குப் போனேன். அவர் அதைப் பார்த்த பார்வையில் ஏதோ ஒன்று இருந்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மெஷின்மேனைக் கூப்பிட்டார்.

“என்னலே, பெட்டியத் தெறந்தியா?”

“இல்ல மொதலாளி.”

“பெறகு லேபிளு எப்படிக் கிழிஞ்சது?”

“எனக்கென்ன தெரியும்? நான் தொடலை.”

“இருக்கன்குடி மாரியம்மன் முன்னால வந்து சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவியா?”

“இப்பவே வாரேன்,” என்றார் அவர். “நான் அணைக்கேன். நான் அணைச்சதும் இஞ்சினியர் சாரும் அணைக்கட்டும், பெட்டியில தப்பே இல்லன்னு. மொதலாளியும் ஒண்ணு அணைச்சிருங்க. மூணு பேரும் பஸ்ஸுல ஒண்ணாப் போவோம்.”

எனக்குத் திடீரென்று விருதுநகரில் ஒரு அவசர வேலை ஞாபகம் வந்தது. மாரியம்மன் மேல் பயம் இருந்ததா என்றால், இதற்கெல்லாம் அப்பாற்பட்டவன் நான். இருந்தாலும் சர்க்யூட் விஷயத்தில் சத்தியம் செய்யும் அளவுக்கு எந்த டிப்ளமோவும் தைரியம் தருவதில்லை. விசித்திரம், முதலாளியும் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. சூடப் பேச்சைத் தொடங்கியவரே அதை அப்படியே விட்டுவிட்டு, “சரி சரி, ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம். பாத்துச் சொல்லி விடுதேன்” என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு வாரம் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மெஷின்மேன் கையைத் துடைத்துக்கொண்டு, துணியை மடித்து மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு என் செல்போன் அடித்தது. முதலாளி. சாயங்கால ஷிஃப்ட்காரரைக் காலைக்கு மாற்றியிருந்தார்கள். அவர் வந்து ரீல் ஏற்றி, அதற்குள் பாதியில் இரண்டு தடவை அறுந்துவிட்டதாம்.

“இவனுமா கூட்டு?” என்றார்.

சந்தேகப்படுகிறவனுக்குக்கூட ஒரு அளவு உண்டு. மழையில் நனைந்துகொண்டே பஸ் ஏறினேன். முதல் தடவையாக அந்தப் பெட்டியைக் காலை நேரத்தில் திறந்தேன்.

இரும்புக் கையை மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தேன். பெட்டி முகப்பில் எண் சிவப்பில் இறங்கியது. நூற்று முப்பது. நூற்றிருபத்தொன்பது. நூற்றிருபத்தெட்டு. இறங்க வேண்டிய அளவுக்கு மீட்டரில் வோல்ட்டும் இறங்கியது. அடுத்து நூற்றிருபத்தேழு. மீட்டர் குதித்து மேலே ஏறியது. கையை உயர்த்தி மறுபடி இறக்கினேன். மறுபடி ஏறியது. நான் கட்டிய ஏணியில் நூற்றிருபத்தெட்டைவிட நூற்றிருபத்தேழு பெரிசு.

போர்டைக் கழற்றித் திருப்பினேன். லேபிள் தொட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் பசை இரவு ஈரத்தைக் குடித்துக் களியாக இருந்தது, லேசான நீலத்தில். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுத்தான் காய்ச்சுவார்கள் என்பது சிவகாசியில் பைண்டிங் போகிற யாரைக் கேட்டாலும் தெரியும். மயில்துத்தம் ஈரமானால் கரண்ட் கடத்தும் என்பது டிப்ளமோ படித்தவனுக்குத் தெரியும். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிரஸ்ஸில் நான்தான், ஒட்டியதும் நான்தான். லேபிளுக்கு அடியில் இருந்த ஏழு பேருக்கும் பசை வழியாகக் கள்ளத்தனமாகக் கரண்ட் போய், ஊறிப் பெருத்துவிட்டார்கள். வெளியே நின்ற பெரியவர் மட்டும் பழைய அளவிலேயே இருந்தார். ரீல் பாதியாகும்போது பெரியவர் இறங்கி ஏழு பேரும் ஏறுவார்கள், பிரேக் வெடுக்கென்று பிடிக்கும், பேப்பர் அறும். மதியத்துக்குள் பெட்டிச் சூட்டில் பசை காய்ந்துவிடும். அப்புறம் நான் வந்து, மீட்டர் வைத்து, யார் மேல் பழி போடலாம் என்று பார்ப்பேன்.

பக்கத்தில் யாரும் இல்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு, மதுரைக் கடைக்காரன் தந்த ரெசிஸ்டர் சரியில்லை என்று சொன்னால் தீர்ந்தது. மனதில் அந்த வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அந்த நேரம் பைண்டிங்கிலிருந்து ஒரு அம்மா பசைச் சட்டியோடு போனது. போகிறபோக்கில், “அவுக நாளையிலருந்து வேன்ல போறாகளாம், மருந்து வேலைக்கு,” என்று என்னைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனது. தீபாவளிக்கு அப்புறம் பூட்டிக் கிடந்த கம்பெனிகள் பூஜை போட்டுத் திறந்திருந்த சமயம்.

லேபிளைக் கையில் வைத்துக்கொண்டே முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

“கதவு லேபிளைக் கிழிச்சது நாந்தான்,” என்றார்.

“நீங்களா?”

“கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் வந்திருந்தாரு. இதே மாதிரி இன்னும் ரெண்டு மெஷினுக்குச் செய்ய முடியுமான்னு பாக்கச் சொன்னேன்.”

“முடியும்னாரா?”

“அடியில லேபிளு ஒட்டிக் கெடக்கு, ஒண்ணும் வெளங்கலைன்னுட்டாரு.”

அப்படியானால் லேபிள் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அப்புறம்தான் உறைத்தது, கிழித்தவரும் ஒட்டிய நானும் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டிலும் சம்பந்தமில்லாத ஒருவரைச் சூடம் அணைக்கச் சொல்லியிருக்கிறோம்.

“நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க,” என்றார் முதலாளி. “நான் வந்தா நல்லாருக்காது.”

நான் போனாலும் நல்லாருக்காதுதான். ஆனாலும் போனேன். அன்று அவர் வீட்டில் இல்லை. மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவர் தெரு முக்கில் நின்றேன். வேன் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கீழே அவர் பெண்டாட்டி தூக்குச்சட்டியோடு, தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்காகத் தனியாக நின்றது. முகத்தை வேனுக்கு எதிர்ப் பக்கம் திருப்பியிருந்தது.

“அண்ணே, கோளாறு பெட்டியிலதான். நீங்க எறங்குங்க,” என்றேன்.

“என்ன சொல்றீக? பின்னால இருக்கவுகளுக்குக் கேக்கலையாம்.”

சத்தமாகச் சொன்னேன்.

“என்னக்கா சொல்றாக?” என்றது பின்சீட்டில் ஒரு குரல்.

“இவுக செஞ்ச பெட்டி கோளாறாம். பழிய நம்ம அண்ணன் மேல போட்டாகளாம்.”

“படிச்சவுகளா?”

“பாத்தா அப்படித்தான் தெரியுது.”

டிரைவர் ஹாரன் அடித்தார். மெஷின்மேன் அசையவில்லை. “லேபிளக் கிழிச்சது?” என்று கேட்டார்.

அதை நான் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். “மொதலாளி,” என்றேன்.

அவர் பெண்டாட்டிதான் பேசியது, என்னிடம் இல்லை, அவரிடம். “எறங்கி வாங்க. வாக்குக் குடுத்தது எங்கிட்ட. மொதலாளிகிட்ட இல்ல.”

இறங்கினார். இறங்கியவர் மூன்று நிபந்தனை போட்டார். லேபிளைக் கிழித்தது தான்தான் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பெட்டிக் கதவு இனிமேல் பூட்டாமல் திறந்தே கிடக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். மூன்றாவது எனக்கு: அவருக்கு மனசு நிறைகிற வரைக்கும் தினமும் காலை ஏழு மணிக்கு நான் மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முதலாளி சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பைண்டிங் மெஷின் ஓடுகிற சத்தத்தில் சொன்னார். மெஷின்மேன் போய் அந்த மெஷினை நிறுத்திவிட்டு வந்து, “இப்பச் சொல்லுங்க மொதலாளி,” என்றார். இரண்டாம் தடவையும் சொன்னார்.

நான் போர்டைக் கழுவி, ஏணியைச் சின்ன மதிப்பு ரெசிஸ்டரில் புதுசாகக் கட்டி, மேலே வார்னிஷ் அடித்திருந்தேன். முதல் நாள் ரீல் ஏறியது. பாதி நெருங்கும்போது நான் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றிருபத்தெட்டு போய் நூற்றிருபத்தேழு வந்தது. பேப்பர் நேராக ஓடியது. அவர் பேப்பரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓடிருச்சில்ல அண்ணே?”

“வெயில் அடிக்கி சார். இது கணக்குல சேராது.”

மறுநாளும் வெயில். அதற்கு மறுநாளும். கார்த்திகை மாசத்தில் இப்படி வானம் வெளுத்து நான் பார்த்ததேயில்லை. ஊரே மழை விடட்டும் என்று இருக்க, நான் மட்டும் முதல் பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கருமேகம் தேடிக்கொண்டு போனேன். திறந்து கிடந்த பெட்டி முன்னால் வேலை மெனக்கெட்டு நிற்கும்போது, போகிற வருகிறவர்கள் ஏணியை எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அரிக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

நான்காம் நாள் ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. காலையில் பிரஸ் சுவரெல்லாம் ஓதம், அடுக்கி வைத்த பேப்பர்கூடச் சில்லென்று நமுத்திருந்தது. முதல் ரீல் பாதியைத் தாண்டியது. அவர் அடுத்த ரீலை ஏற்றினார். அதுவும் தாண்டியது. முழுசாக ஓடி முடிந்து ரீலின் நடு மட்டை தெரிகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, “டீ சொல்லவா சார்?” என்றார்.

நான்கு நாளாக அந்தப் பிரஸ்ஸில் எனக்கு யாரும் டீ சொல்லியிருக்கவில்லை.